வால் வெட்டுச் சட்டமும் நுனியூர்க் கடல் கதவும்

கண்ணறை நாடுன்னு ஒரு நாடு. ரொம்பச் சின்ன நாடு. எவ்வளவு சின்னதுன்னா, உங்க சுண்டு விரல் நுனியில மட்டும் அது மாதிரி கோடிக்கணக்குல நாடுங்க இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு தலைநகரம், சுத்தி ஒரு மதில், மதிலுக்கு வெளிய கடல். அந்த நாடுங்க ஒழுங்கா நடக்கிறதாலதான் நீங்க உக்காந்து இதைப் படிச்சிட்டு இருக்கீங்க. நான் சொல்லப் போறது ஒழுங்கா நடக்காமப் போன ஒண்ணைப் பத்தி.

அந்த நாட்டோட தலைநகரத்துக்கு மையம்னு பேரு. மையத்துக் கோட்டைக்குள்ள ஒரு பெரிய கயிறு இருந்துச்சு. தாய்க்கயிறு. கதவு எப்படிப் பண்ணணும், படகு எப்படிப் பண்ணணும், பாலம் எப்படிப் போடணும்னு எல்லா வேலையும் அதுல முடிச்சு முடிச்சாப் போட்டு வெச்சிருந்தாங்க. தாய்க்கயிறு கோட்டையை விட்டு வெளிய வரவே வராது. ஒரு ஊருக்குப் படகு வேணும்னா, படகுக்கான எடத்தை மட்டும் பாத்து, அதே மாதிரி முடிச்சுப் போட்டு ஒரு சின்னக் கயிறு திரிப்பாங்க. சுமைகாரர் ஒருத்தர் அதைத் தோள்ல போட்டுக்கிட்டுத் தடத்துல நடப்பாரு. தடம்னா ஒரு ஆளு நடக்கிற அகலத்துக்கு மேடா போட்ட பாதை. மையத்துல இருந்து மதில் வரைக்கும் போகும். ஊரு போய்ச் சேந்ததும் அங்க இருக்கிற தச்சருங்க முடிச்சை விரலால தடவித் தடவிப் பாத்து வேலையை ஆரம்பிப்பாங்க. ஒரே கயிறை வெச்சு நாலஞ்சு படகு பண்ணலாம். தடவத் தடவ முடிச்சு தேயும். தேஞ்சு போச்சுன்னா அடுப்புல போட்டுருவாங்க.

இதுல ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, கயிறு மேல தேன்மெழுகு பூசித்தான் அனுப்புவாங்க. வழியில இருக்கிறவன் தடவிப் பாத்துட்டு, அவன் ஊருல படகைக் கட்ட ஆரம்பிச்சிரக் கூடாதுல்ல? ஊரு போனப்புறம் வெந்நி ஊத்தித்தான் மெழுகை எடுக்கணும். இன்னொண்ணு, கயிறோட கடைசியில ஒரு முழத்துக்கு வாலு ஒண்ணு தொங்கும். அந்த வாலுல செய்முறை எதுவும் கிடையாது. சாயம் போட்ட ஒரு திருகல், அவ்வளவுதான். நீலத்துல ரெட்டைத் திருகல் இருந்தா நுனியூரு. மஞ்சள்ல ஒத்தைத் திருகல்னா மேட்டுக்கரை. சுமைகாரங்க வாலைப் பாப்பாங்க, நடப்பாங்க. ஊருக்கு ஊரு சாமான் சரியாப் போய்ச் சேர்ந்ததுக்கு அந்த ஒரு முழம் வாலுதான் காரணம். இது அந்த நாட்டுல பொறந்த எல்லாருக்கும் தெரியும். அமைச்சர்களுக்கும் தெரியும். அதை மனசுல வெச்சுக்கங்க.

நுனியூருங்கிறது நாட்டோட ஆகக் கடைசி. நாடு கடலுக்குள்ள கையை நீட்டின மாதிரி ஒரு நிலம், அதோட விரல் நுனியில அந்த ஊரு. நாட்டுக்குள்ள உப்பு, மீனு, வெளிநாட்டுத் தானியம் எல்லாம் வர்றது அந்த வழியாத்தான். மதில்ல ஒரே ஒரு வாசல், வாசலுக்கு ஒரு கடல் கதவு. கடல் வத்துறப்ப கதவைத் தூக்குவாங்க, படகு உள்ள வரும். கடல் ஏறும்போது இறக்கிருவாங்க. உப்புத்தண்ணி மரத்தைத் தின்னுரும். அதனால ரெண்டு மழைக்காலத்துக்கு ஒரு தடவை புதுக்கதவு பண்ணணும். அதை அங்கேயே, அந்த வாசல்லயே, அடிப்பலகையில இருந்து ஒவ்வொண்ணா ஏத்திப் பண்ணணும். கதவு அவ்வளவு பெருசு.

அந்தக் கதவைப் பாத்துக்கிட்டது ஒரு புருஷனும் பொண்டாட்டியும். சங்கிலி, மாடத்தி.

இப்படி இருக்கறப்ப தேர்தல் வந்துச்சு. ‘மையம் உயர்ந்தால் நாடு உயரும்’னு சொன்ன கட்சி ஜெயிச்சுச்சு. அதோட தலைவரை எல்லாரும் மையத்தார்னு கூப்பிட்டாங்க. பொறந்ததுல இருந்து அவரு கோட்டையை விட்டு வெளிய வந்ததே இல்லை. மேடையில அதை ஒரு தகுதியாச் சொன்னாங்க. வெளிய போனவன் கெட்டுப் போயிருவானாம்.

பதவிக்கு வந்ததும் சிக்கனத்துறைன்னு புதுசா ஒரு துறை. அதுக்கு அமைச்சர் மதிவாணனார். முதல் கூட்டத்துலயே ஒரு கயிறைத் தூக்கிக் காட்டிப் பேசினாரு.

“மாண்புமிகு அவையோரே! இதோ ஒரு கயிறு. இது படகு செய்கிறது. வாழ்க. ஆனால் இதன் இறுதியில் ஒரு முழம் வால். இந்த வால் என்ன செய்கிறது? படகு செய்கிறதா? இல்லை. பாலம் செய்கிறதா? இல்லை. உழைக்காமல் தொங்கிக்கொண்டே ஊர் சுற்றுகிறது. உழைக்காத வாலுக்கு நம் ஆட்சியில் இடமில்லை!”

கைதட்டல் அடங்குனதும் எதிர்க்கட்சிக்காரர் ஒருத்தர் எந்திரிச்சாரு. “வாலை வெட்டிட்டா, எந்த ஊருக்குக் கொண்டு போகணும்னு சுமைகாரனுக்கு எப்படிங்க தெரியும்?”

மதிவாணனார் சிரிச்சாரு. “ஐயா, ஊர் ஊர் என்று பேசும் குறுகிய மனப்பான்மை எப்போது தீரும்? இந்தக் கயிறு யாருக்கு? நாட்டுக்கு. நாடு எங்கே இருக்கிறது?” தன் காலடியைக் காட்டினாரு. “இங்கே இருக்கிறது.”

சட்டம் நிறைவேறுச்சு. வெட்டுன வாலையெல்லாம் சேத்து, அவைக்கூடத்துக்கு ஒரு கம்பளம் நெய்தாங்க. எல்லா ஊரு சாயமும் அதுல இருந்துச்சு. எல்லா ஊரையும் அவைக்குள்ள கொண்டு வந்துட்டோம்னு மையத்தார் பெருமையாச் சொன்னாரு. செருப்பு போட்டுக்கிட்டேதான் சொன்னாரு.

மறுநாள் கோட்டை வாசல்ல சுமைகாரங்க கூட்டம். நுனியூர்த் தடத்துல காலங்காலமா நடக்கிறவரு கொம்பையா. வாய்க் கொழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி. அவரு தோள்ல ஒரு மொட்டைக் கயிறைப் போட்டாங்க.

“ஐயா, இது எந்த ஊருக்கு?”

“நாட்டுக்கு,”ன்னாரு வாசல் அதிகாரி.

“சரிதாங்க. நாட்டுல எங்க?”

“நாட்டுப்பற்று உள்ளவன் இப்படிக் கேட்க மாட்டான்.”

“நாட்டுப்பற்று நெறைய இருக்குங்க. கால் ரெண்டுதான் இருக்கு. எந்தப் பக்கம் வெக்கன்னு சொன்னா வெச்சிருவேன்.”

அதிகாரி பின்னாடி இருந்த சுமைகாரனைக் கூப்பிட்டாரு. பாவம், எல்லாரும் என்ன செய்வாங்க? கோட்டை வாசலைத் தாண்டினதும் வர்ற முதல் முச்சந்தியில கயிறை எறக்கி வெச்சுட்டு அடுத்ததை எடுக்கப் போயிட்டாங்க. முச்சந்தியில கயிறு மலையாக் குமிஞ்சுச்சு.

மையத்துத் தச்சருங்க சும்மா இருப்பாங்களா? கண்ணு முன்னாடி கயிறு கெடக்கு. வெந்நி ஊத்துனாங்க, தடவுனாங்க, கட்டுனாங்க. மையத்துத் தெருவுல வள்ளம் வந்துச்சு. மொட்டை மாடியில கலங்கரை விளக்கம் வந்துச்சு. ஜவுளிக்கடைக்கும் வைத்தியசாலைக்கும் நடுவுல ஒரு கடல் கதவு எந்திரிச்சு நின்னுச்சு. அப்புறம் இன்னொண்ணு. ஒரு சொட்டுத் தண்ணி இல்லாத தெருவுல பனைமர உசரத்துக்குக் கடல் கதவுங்க வரிசையா நின்னுச்சு. மையத்துச் சனங்க அண்ணாந்து பாத்து வாயைப் பொளந்தாங்க. ‘கதவுப் புரட்சி’ன்னு சுவரெல்லாம் எழுதுனாங்க. ஒவ்வொரு கதவுக்கும் அமைச்சர் வந்து மாலை போட்டாரு.

நுனியூருக்கு ஒண்ணும் வரலை. பழைய கதவு அடியில செல்லரிச்ச மாதிரி ஆயிருச்சு. சங்கிலி அதுல விரலை விட்டுப் பாத்தான். முட்டி வரைக்கும் உள்ள போச்சு.

“ஏட்டி, இது அடுத்த மழைக்குத் தாங்காது,”ன்னான்.

“கொம்பையா அண்ணாச்சி வருவாக. அவுக நம்மள மறக்க மாட்டாக,”ன்னா மாடத்தி.

கொம்பையா மறக்கலைதான். அந்தக் குமியல்ல பொறுக்கி, கனத்தை வெச்சுக் கதவுக் கயிறுன்னு அவரா நெனச்ச ஒண்ணை எடுத்துக்கிட்டு, யாருகிட்டயும் சொல்லாம நுனியூருக்கு நடந்தாரு. ஊரே வந்து வாங்கிக்கிச்சு. மாடத்தி அவருக்கு மீன் கொழம்பு வெச்சுப் போட்டா. சேத்து வெச்சிருந்த தேக்கு அத்தனையையும் வெளிய எடுத்தாங்க. மெழுகை எடுத்தாங்க, முடிச்சைத் தடவுனாங்க, அறுத்தாங்க, எழைச்சாங்க. அந்த நாட்டுத் தச்சன் ஒரு கயிறைத் தொட்டுட்டா, முடிச்சு முடிச்சாச் செஞ்சுக்கிட்டே போவானே தவிர நடுவுல நிறுத்தி இது என்னன்னு யோசிக்க மாட்டான். அவன் பழகுன வழக்கம் அது. யோசிச்சு அனுப்புறது மையத்தோட வேலைன்னு நம்பிக்கை.

கடைசி முடிச்சும் முடிஞ்சுச்சு. எல்லாரும் தள்ளி நின்னு பாத்தாங்க.

ஊஞ்சல்.

நல்லா அகலமான, சாய்மானம் வெச்ச, ரெண்டு பக்கமும் மயிலு செதுக்குன ஊஞ்சல். மையத்தார் தோட்டத்துக்கு உள்ளது.

 சங்கிலிதான் முதல்ல பேசுனான். “அண்ணாச்சி, கடல் ஏறி வரும்போது இதுல உக்காந்து ஆடவா?”

கொம்பையா தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. “நான் என்னலே செய்ய? கனமா இருந்துச்சு, கதவுன்னு நெனச்சேன்.”

“உங்களைச் சொல்லலை,”ன்னா மாடத்தி. “வாலை வெட்டுனவனைச் சொல்லுதோம்.”

கொம்பையா திரும்பிப் போய் அதிகாரிகிட்ட ஊஞ்சல் கதையைச் சொன்னாரு. தப்பு நடந்திருக்குன்னு அவையில ஒத்துக்கிட்டாங்க. தப்பு யாருதுன்னா, மெழுகோடது.

மதிவாணனார் பேசினாரு: “மெழுகு என்பது என்ன? மறைவு. மக்களிடம் எதையும் மறைக்காத ஆட்சி இது. இன்று முதல் எந்தக் கயிற்றிலும் மெழுகு இராது. வழியிலுள்ள ஒவ்வொரு குடிமகனும் ஒவ்வொரு முடிச்சையும் தொட்டுப் பார்க்கலாம்!”

திறந்த முடிச்சுச் சட்டம் வந்துச்சு. இந்தத் தடவை கொம்பையா உஷாரா முடிச்சைத் தடவிப் பாத்து, நெசமான கதவுக் கயிறைத்தான் எடுத்துக்கிட்டு நடந்தாரு. ஆனா தடம் நெடுக சாவடி போட்டிருந்தாங்க. ஒவ்வொரு சாவடியிலயும் கயிறை எறக்கச் சொன்னாங்க. அதிகாரி தடவுனாரு, அதிகாரியோட மச்சினன் தடவுனாரு, பக்கத்து ஊருத் தச்சன் தடவிப் பாத்துட்டு, “அட, நல்லா இருக்கே,”ன்னு அங்கேயே ஒரு கதவைக் கட்டுனான். மொளகாத் தோட்டத்து நடுவுல ஒரு கடல் கதவு. சந்தைக்குப் பின்னாடி ஒண்ணு. மேட்டுக்கரையில மாடு கட்ட ஒண்ணு. நுனியூருக்கு வந்து சேந்தப்ப கொம்பையா தோள்ல இருந்தது வெறும் நூலு. ஒரு முடிச்சுகூட மிச்சமில்லை. வழவழன்னு இருந்துச்சு.

அன்னைக்குத்தான் மாடத்தி கெளம்புனா. “நான் மையத்துக்குப் போயிக் கேட்டுட்டு வாரேன்.”

“அவனுக கேக்க மாட்டானுக,”ன்னான் சங்கிலி.

“கேக்காட்டியும் ஒருக்க கேட்டோம்னு இருக்கட்டும். நீ கதவுக்கு முட்டுக் குடு. நான் வர்ற வரைக்கும் விட்டுறாத.”

“நான் எங்க போகப் போறேன்? ஊஞ்சல் பலகையைத்தான் முட்டுக்கு வெக்கப் போறேன். மயிலு கடலைப் பாக்கட்டும்.”

மையத்துத் தெருவுல நுழைஞ்சதும் மாடத்தி நின்னுட்டா. எதிர்ல கடல் கதவு. அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு. அடிப்பலகை, குறுக்குச் சட்டம், தூக்குற வளையம், எல்லாமே அவ ஊரு வாசலோட அளவு. ஒண்ணுல தேர்தல் சுவரொட்டி ஒட்டியிருந்துச்சு. ஒண்ணு நெழல்ல ஒருத்தன் கரும்புச்சாறு வித்துக்கிட்டு இருந்தான். அவ போயி அந்தப் பலகையில கையை வெச்சா. உப்பு படாத மரம். காஞ்சு கெடந்துச்சு.

“இது எங்க கதவு,”ன்னா.

“யம்மா, அது நாட்டோட கதவு. சாறு வேணுமா?”ன்னான் கரும்புக்காரன்.

கூட நடந்து வந்த கொம்பையா உதவியால அவைக்கூடத்து வாசல் வரைக்கும் போயிட்டா. மதிவாணனார் வெளிய வந்தப்ப வழியை மறிச்சு நின்னா.

“ஐயா, நுனியூர்ல இருந்து வாரேன். எங்களுக்குக் கதவு இல்லை. இங்க தெருவுக்குத் தெரு எங்க கதவு நிக்கி. ஒரு வாலை வெச்சு ஒரு கயிறைக் குடுங்க. அது போதும். நாங்களே பண்ணிக்கிடுதோம்.”

“அம்மா, வால் என்ற சொல் நடைமுறையில் இல்லை.”

“அப்ப மெழுகு பூசிக் குடுங்க.”

“மெழுகு குற்றம்.”

“அப்ப எங்க ஊருக்குக் கதவு எப்படித்தான்யா வரும்?”

அமைச்சர் யோசிச்சாரு. சுத்தி ஆளுங்க நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க. கருணை காட்ட வேண்டிய நேரம்னு அவருக்குத் தோணிருக்கணும். “நுனியூருக்குக் கயிறு எதற்கு? இனிமேல் அவர்கள் உழைக்க வேண்டாம். கதவையே அனுப்புவோம்! மையத்தில் செய்த கதவு, முழுக் கதவு, அரசு செலவில்!”

ஜனங்க கைதட்டுனாங்க. மாடத்தி மட்டும் கத்துனா: “யோவ், கயிறுன்னா ஒரு ஆளு தோள்ல போகும். கதவு எப்படிய்யா தடத்துல போகும்? தடம் ஒரு ஆளு அகலம்யா!” கைதட்டுற சத்தத்துல அது யாருக்கும் கேக்கலை. கேட்டவங்களும் கேக்காத மாதிரி நின்னாங்க.

மையத்துத் தெருவுல நின்ன ஒரு கதவைப் பேத்தெடுத்தாங்க. நாட்டுல இருக்கிற சுமைகாரங்க அத்தனை பேரையும் கூப்பிட்டாங்க. வேற எந்தக் கயிறும் எங்கயும் போகலை, ஆளு இல்லை. தடத்துக்கு ரெண்டு பக்கமும் வயல்ல எறங்கி நாத்தை மிதிச்சுக்கிட்டு, தூக்கிட்டு நடந்தாங்க. முன்னாடி மேளம். அமைச்சர் படம் போட்ட பந்தல் ஒண்ணும் கூடவே நகந்துச்சு. மாடத்தி கதவு கூடவே நடந்தா. தோள் மாத்துறப்ப அவளும் தோள் குடுத்தா. என்ன இருந்தாலும் கதவாச்சே. போய்ச் சேந்தா ஊரு பொழைக்குமே.

பாதி வழியில நெட்டைப்பாலம். ரெண்டு பாறைக்கு நடுவுல கல்லுப் பாலம். நுனியூருக்குப் போறதும் நுனியூர்ல இருந்து வர்றதும் அந்த ஒரே வழியாத்தான். கதவை நெட்டுக்குத்தாக் கொண்டு போனாங்க. பாறை இடிச்சுச்சு. படுக்க வெச்சாங்க, கைப்பிடிச் சுவரு இடிச்சுச்சு. சாய்ச்சுப் பாத்தாங்க. சாய்ச்சப்ப ரெண்டு பாறைக்கும் நடுவுல போய்ச் செருகி, அசையாம நின்னுருச்சு.

“தள்ளுங்க! தள்ளுங்க!”ன்னு அதிகாரி கத்துனாரு.

“எங்கிட்டுத் தள்ள?”ன்னாரு கொம்பையா. “பாறைக்குள்ளயா?”

அவங்க தள்ளிக்கிட்டு இருக்கறப்பவே, கடல் பக்கம் முந்தின ராத்திரியே பிடிச்ச மழை அங்கயும் வந்துருச்சு. மாடத்தி கதவுக்கு அடியில தவழ்ந்து அந்தப் பக்கம் போனா. எந்திரிச்சு ஓடுனா. கொஞ்ச தூரம்தான் ஓடியிருப்பா. எதிர்ல அவ ஊரு சனம் வந்துக்கிட்டு இருந்துச்சு. நனைஞ்சு, மூட்டை முடிச்சோட, புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு. சிலரு மூட்டையும் இல்லாம.

அவ ஒவ்வொரு மொகமாப் பாத்தா. சங்கிலி இல்லை.

மீன்காரி செல்லக்கனி முன்னால வந்து அவ கையைப் பிடிச்சா. “முட்டுக் குடுத்துக்கிட்டே நின்னாம்மா. நாங்க எல்லாம் மேடேறுற வரைக்கும் முதுகை வெச்சு நின்னான். நீ விட்டுறாதன்னு சொன்னியாம்ல, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருந்தான். அப்புறம் கதவும் இல்லை, அவனும் இல்லை.”

மாடத்தி அழலை. அங்கேயே தடத்துல உக்காந்துட்டா. சனமும் அவளைச் சுத்தி உக்காந்துச்சு. மழை விட்டப்புறம்தான் எந்திரிச்சா.

அதே நேரத்துல மையத்துல அவை கூடியிருந்துச்சு. கதவு நுனியூருக்குப் போய்ச் சேரும்னு மையத்தார் வாக்குக் குடுத்துட்டாரு. கதவு பாலத்துல நிக்குது. மையத்தார் வாக்கு தவறக் கூடாது. மதிவாணனார் எந்திரிச்சாரு.

“அவையோரே, கதவு நுனியூரில் இருக்க வேண்டும். கதவு நெட்டைப்பாலத்தில் இருக்கிறது. ஆகவே, நெட்டைப்பாலம்தான் நுனியூர்.”

ஒரு எதிர்ப்பும் இல்லை. முன்னாடி கேள்வி கேட்ட எதிர்க்கட்சிக்காரரு இப்ப ஊஞ்சல் துறைக்கு அமைச்சரா ஆயிருந்தாரு. சட்டம் நிறைவேறுச்சு. பாலத்துல ‘நுனியூர் உங்களை வரவேற்கிறது’ன்னு வளைவு வெச்சாங்க. பழைய நுனியூருக்குப் பேரு எதுவும் வெக்கலை. பேரு இல்லாத எடத்தைப் பத்திப் பேச முடியாதுல்ல.

மாடத்தியும் சனமும் பாலத்துக்கு வந்து சேந்தாங்க. சனம் அந்தப் பக்கமே உக்காந்துச்சு. மாடத்தியும் செல்லக்கனியும் கதவுக்கு அடியில தவழ்ந்து இந்தப் பக்கம் வந்தா, மேசை போட்டு ஒரு அதிகாரி உக்காந்திருக்காரு.

“ஐயா, ஊருக்குள்ள கடல் வந்துருச்சு. வீடு இல்லை. எம் புருஷன் செத்துட்டான்.”

“எந்த ஊர்?”

“நுனியூரு.”

அதிகாரி வளைவைக் காட்டினாரு. “இதுதான் நுனியூர். காலையிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். ஒரு சொட்டுக் கடல் நீர் வரவில்லை. நுனியூரில் யாரும் இறக்கவுமில்லை.”

“அப்ப எம் புருஷன் எங்கய்யா செத்தான்?”

“அது எங்களுக்குத் தெரியாது. நம் நாட்டில் இல்லை.”

செல்லக்கனிக்கு வந்த கோவத்துல கையில இருந்த கூடையைத் தூக்கி மேசை மேல அடிச்சா. “ஏலே, நீ தின்ன மீனெல்லாம் எந்த ஊரு மீனுலே? செரிக்கிறப்ப ஊரு பேரு கேட்டியா?”

அதிகாரி காவலாளைக் கூப்பிட வாயெடுத்தவரு நிறுத்திக்கிட்டாரு. அவருக்கு வேற கவலை. மறுநாள் அமைச்சர் வந்து கதவைத் திறந்து வைக்கப் போறாரு. கதவோ கோணலாச் செருகிக் கெடக்கு. அதை நிமித்தி, அது ஏறி எறங்கப் பாறையில பள்ளமாக் காடி வெட்டி, தூக்குற மாதிரி மாட்டணும். மையத்துல கதவைக் கட்டத்தான் தெரியும், அதுவும் தெருவுல. மாட்டத் தெரிஞ்ச ஆளு ஒருத்தனும் இல்லை. தொண்டையைச் செருமுனாரு.

“நீங்கள் கதவு மாட்டுகிறவர்களா?”

மாடத்தி அவரைப் பாத்தா. கதவைப் பாத்தா. “ஆமா.”

“விழா முடியும்வரை உங்களைத் தற்காலிக நுனியூர்க்காரர்களாக அறிவிக்கிறேன். சட்டத்தில் நுனியூர்க்காரர்கள் மட்டும்தான் கடல் கதவைத் தொடலாம். விழா முடிந்ததும் நீங்கள் உங்கள் ஊருக்குப் போய்விட வேண்டும்.”

“எந்த ஊருக்கு?”ன்னாரு கொம்பையா. யாரும் சிரிக்கலை.

“பண்ணுதோம்,”ன்னா மாடத்தி.

பண்ணுனாங்க. நல்லாவே பண்ணுனாங்க. பாறையில காடி வெட்டுனாங்க. இடிச்ச எடத்துல எழைச்சாங்க. வளையத்துல இரும்புச் சங்கிலி கோத்தாங்க. கதவு எறங்குனா கல்லுக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு நெல்லு போகாது. தூக்குற உருளையை நுனியூரு வழக்கப்படி கடல் பக்கம் இல்லாம ஊருப் பக்கம் வெக்கணும். மாடத்தி அதை எந்தப் பக்கம் வெக்கன்னு கொஞ்ச நேரம் நின்னு யோசிச்சா. அப்புறம் பாலத்துக்கு அந்தப் பக்கம், அவ சனம் உக்காந்திருந்த பக்கம் வெச்சா.

அமைச்சர் வந்தாரு. மேளம், மாலை, பேச்சு. “கொடுத்த வாக்கைக் காப்பாற்றினோம்! கதவு நுனியூர் சேர்ந்தது!” கூட்டம் மையத்துல இருந்து வந்த கூட்டம், கைதட்டுச்சு. “கதவு திறக்கப்படட்டும்!”

கதவு திறக்கலை.

“திறக்கப்படட்டும்!”

மதிவாணனார் பக்கத்துல வந்து பலகையைத் தட்டினாரு. அந்தப் பக்கத்துல இருந்து மாடத்தி குரல் வந்துச்சு.

“கடல் ஏறி வருது. ஏறும்போது கடல் கதவைத் திறக்கக் கூடாது.”

“இங்கே ஏதம்மா கடல்?”

“இது நுனியூருதானே? நுனியூர்ல கடல் இல்லாம இருக்குமா?”

அமைச்சர் சிரிக்கப் பாத்தாரு, வரலை. இடிக்கச் சொன்னாரு. அது கடலையே தாங்குறதுக்குன்னு இருக்கிற கதவு. காவலாளுங்க தோள்தான் வலிச்சுச்சு. வேற வழியாச் சுத்திப் போகச் சொன்னாரு. வேற வழி கிடையாது. தடத்துக்குத் தடம் தெரிஞ்ச சுமைகாரங்களும், கதவு மாட்ட ஒத்தாசைக்குப் போனவங்க, கொம்பையா கூட அந்தப் பக்கமே உக்காந்துட்டாங்க.

அன்னைக்கு மையத்துக்கு மீனு வரலை. உப்பு வரலை. கொஞ்ச நாள்ல தானியமும் நின்னுச்சு. கடல் ஏறுனதால மேட்டுல ஒதுங்குன படகெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கமே சரக்கை எறக்குச்சு. சனம் அங்கேயே அடுப்புப் பத்த வெச்சுச்சு. மையத்துல மையத்தாரோட சமையக்காரன் முதல் நாள் உப்பில்லாமப் பரிமாறுனான். அப்புறம் பரிமாறுறதுக்கே ஒண்ணும் இல்லை.

மதிவாணனார் மறுபடியும் கதவுக்கு வந்தாரு. இந்தத் தடவை மேளம் இல்லை.

“அம்மா, என்ன வேண்டும் கேளுங்கள். வால் வேண்டுமா? மெழுகு வேண்டுமா? சட்டத்தையே மாற்றிவிடலாம்.”

“அதெல்லாம் அப்புறம் கேப்போம்,”ன்னா மாடத்தி. “முதல்ல ஒண்ணு சொல்லுங்க. எம் புருஷன் சங்கிலி, நுனியூர்ல, கடல் கதவுக்கு முட்டுக் குடுத்துச் செத்தான். இதைச் சத்தமா உங்க வாயால சொல்லுங்க. சொன்னா திறக்கேன்.”

அவ்வளவுதான் கேட்டா. ஒத்தை வாக்கியம். அதைச் சொல்லணும்னா நுனியூரு வேற எடத்துல இருக்குன்னு ஒத்துக்கணும். அங்க கடல் வந்துச்சுன்னு ஒத்துக்கணும். கதவு போய்ச் சேரலைன்னு ஒத்துக்கணும். மையத்தார் வாக்கு பொய்யின்னு ஆயிரும்.

அமைச்சர் வாயைத் திறந்தாரு. மூடிக்கிட்டாரு.  பின்னால நின்ன முரசுக்காரனைக் கூப்பிட்டு, மெதுவா, கதவுக்கு அந்தப் பக்கம் கேக்காத மாதிரி சொன்னாரு:

“மையத்தில் எல்லோரும் சாப்பிட்டாயிற்று என்று அறிவித்துவிடு.”

முரசு அடிச்சாங்க. கோட்டை வாசல்ல, ஜவுளிக்கடை முன்னாடி, மாலை போட்ட ஒவ்வொரு கதவுக்கு அடியிலயும் நின்னு அடிச்சாங்க. ஏதோ சாப்பாடு குடுக்கப் போறாங்கன்னு மையத்துச் சனங்க தட்டைத் தூக்கிக்கிட்டுத் தெருவுக்கு வந்தாங்க. நீங்க எல்லாரும் சாப்பிட்டாச்சுன்னு முரசுக்காரன் வாசிச்சான். கைதட்டச் சொல்லிக் காவலாள் சைகை காட்டினான். கையில தட்டு இருந்ததால ஒருத்தராலயும் தட்ட முடியலை. காலித் தட்டைப் பாத்துக்கிட்டே நின்னாங்க. அவங்க பொறந்ததுல இருந்து முதல் தடவையா, நுனியூரு எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுச்சு.